வெயிலுக்கு ஆகாத தைலங்கள்: தோலில் பூசுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேங்காய் எண்ணெயில் நாலு சொட்டு எலுமிச்சைத் தைலம் கலந்து கைகளில் பூசிக்கொண்டு, காலை எட்டரைக்கு வண்டியை எடுத்து வேலைக்குக் கிளம்பினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாளும் லேசான எரிச்சலோடு போய்விடலாம். மூன்றாம் நாள்தான் முன்கை சிவந்து வீங்கி, ஓரிடத்தில் கொப்புளம் எழும். அதற்குள் பூசியதே மறந்திருக்கும். சாப்பிட்ட கத்திரிக்காய் மேலோ, புதுச் சட்டையின் சாயத்தின் மேலோ பழி விழும்.

இதற்குப் பெயர் ஒளி நச்சுத்தன்மை. இது ஒவ்வாமை அல்ல. ஒவ்வாமை சிலருக்கு மட்டும் வரும், அதுவும் தோல் அந்தப் பொருளை முன்பே சந்தித்துப் பழகியிருந்தால்தான் வரும். இதுவோ போதிய அளவு தைலமும் போதிய வெயிலும் சேர்ந்தால் முதல் தடவையிலேயே யாருக்கும் வரும். காரணம் ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் குடும்பம். பெர்காப்டீன் அதில் முக்கியமான ஆள். இவை தோல் செல்லின் டி.என்.ஏ. இழைகளுக்கு நடுவே போய் அமர்ந்துகொள்கின்றன. வெயிலில் இருக்கும், 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான யு.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிர் பட்டதும் இழையோடு நிரந்தரமாகப் பிணைகின்றன. இரண்டு இழையையும் சேர்த்துப் பூட்டிவிட்டால் அந்தச் செல் பிழைப்பது கடினம். கொலோன் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வெயிலில் நின்றவர்களின் கழுத்தில் சொட்டு வடிந்த வடிவிலேயே கறுப்புத் தழும்பு விழுவதை 1916-லேயே ஐரோப்பிய மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். அந்த கொலோனில் இருந்தது இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோல் எண்ணெய்.

முதலிலேயே மனதில் வைக்க வேண்டியது இரண்டு. ஃபியூரோகூமரின் ஆவியாகாது, மணம் போய்விட்டது என்பதால் அது தோலை விட்டுப் போய்விட்டது என்று பொருளில்லை. யு.வி.ஏ. சுடாது, உடம்புக்கு வெப்பம் தெரியவில்லை என்பதால் கதிர் இல்லை என்றும் பொருளில்லை. மூக்கையும் தோலின் சூட்டையும் நம்பித்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள்.

முதல் படி: பாட்டிலின் பெயரைப் படியுங்கள், பிழிந்த முறையையும் படியுங்கள்

காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் மரச்செக்கு எண்ணெய் வாங்கிப் பழகியவர்களுக்கு ‘கோல்டு பிரஸ்டு’ என்ற சொல்லைப் பார்த்தாலே ஒரு நம்பிக்கை வந்துவிடும். சமையல் எண்ணெய்க்கு அது சரி. எலுமிச்சை வகைத் தைலங்களில் அதே சொல்தான் எச்சரிக்கை. பழத்தோலைச் சூடில்லாமல் பிழிந்து எடுக்கும்போது ஃபியூரோகூமரினும் சேர்ந்தே இறங்குகிறது. ‘ஸ்டீம் டிஸ்டில்டு’, அதாவது நீராவியில் வடித்தது என்றால், ஆவியாகாத அந்தப் பொருள் பாத்திரத்திலேயே தங்கிவிடும். ஆகவே வடித்த லைம் எண்ணெய், வடித்த லெமன் எண்ணெய் இரண்டும் இந்த விஷயத்தில் பயமில்லாதவை. பிழிந்தவை அப்படியல்ல. லேபிளில் ‘எக்ஸ்பிரஸ்டு’ என்று போட்டிருந்தாலும் பிழிந்தது என்றுதான் அர்த்தம். எடுத்த முறை எதுவுமே எழுதாத பாட்டிலைப் பிழிந்ததாகவே கணக்கில் வையுங்கள்.

இன்னொரு குழப்பம். நம் சந்தையில் விற்கும் உருண்டையான எலுமிச்சம்பழம், தைல வியாபாரத்தில் ‘லைம்’. ‘லெமன்’ என்பது நீள்வாக்கில் இருக்கும் வேறு பழம். கடையில் இரண்டையும் எலுமிச்சை எண்ணெய் என்றே தருவார்கள். அனுமதிக்கப்படும் அளவோ ஒன்றுக்கொன்று மூன்று மடங்கு வித்தியாசம். சிட்ரஸ் ஆரண்டிஃபோலியா என்றால் லைம், சிட்ரஸ் லிமோன் என்றால் லெமன். தாவரப் பெயர் இல்லாத பாட்டிலை வாங்காமல் விடுவதே நல்லது.

‘வடித்தால் பயமில்லை’ என்பது எலுமிச்சை வகைக்கு மட்டுமே பொருந்தும். சீரகத் தைலம் நீராவியில் வடித்ததுதான், ஆனாலும் வெயிலுக்கு ஆகாது. அஞ்செலிகா என்ற மூலிகையின் வேர்த் தைலமும் அருவதாத் தைலமும் (சதாப்பு இலை என்று குழந்தைகளுக்கு வைப்பார்களே, அது) அப்படியே. இவற்றிலெல்லாம் கடுமையானது டஜெடஸ் என்ற பெயரில் விற்கும் செண்டுமல்லித் தைலம். சத்தியமங்கலம் பக்கம் ஏக்கர் கணக்கில் பூக்கும் செண்டுமல்லியின் பேரினம்தான். இதில் வேலை செய்வது ஃபியூரோகூமரின் அல்ல, தயோஃபீன் என்ற வேறொரு வேதிப்பொருள் வகை. விளைவு ஒன்றே. தோலில் பூசும் எதற்கும் இதை வாங்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து.

கவலைப்படத் தேவையில்லாதவை: இனிப்பு ஆரஞ்சு, நெரோலி (கசப்பு ஆரஞ்சுப் பூவின் தைலம்), லாவெண்டர், எலுமிச்சைப்புல் தைலம், சிட்ரொனெல்லா, நீலகிரித் தைலம். பெயரில் எலுமிச்சை இருப்பதால் எலுமிச்சைப்புல் தைலத்தைப் பலர் ஒதுக்குகிறார்கள், தேவையில்லை. பெர்கமாட்டிலும் ‘எஃப்.சி.எஃப்.’ அல்லது ‘பெர்காப்டீன் ஃப்ரீ’ என்று குறித்து விற்பது ஃபியூரோகூமரின் நீக்கியது. மணம் சற்று மெலிதாக இருக்கும், அவ்வளவுதான்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போக அரிசியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதில் சொராலன் என்ற ஃபியூரோகூமரின் இருக்கிறது. வெண்புள்ளிக்குச் சித்த, ஆயுர்வேத மருந்தாகப் பயன்படுவது அதனால்தான். நவீன மருத்துவத்தில் ‘புவா’ என்ற ஒளிச் சிகிச்சையும் இதே வேதியியலில்தான் நடக்கிறது. மருந்தாக இருக்கும்போது அளவையும் வெயிலின் நிமிடங்களையும் மருத்துவர் கணக்கிடுவார். காணொளி பார்த்து அந்த எண்ணெயைத் தடவிக்கொண்டு மொட்டை மாடியில் நிற்பது தீக்காயத்தில்தான் முடியும். கார்போக அரிசி சேர்த்த குளியல் பொடியை உடனே கழுவிவிடுங்கள். அரைமணி நேரம் முகத்தில் பத்தாகப் போட்டுவிட்டு வெளியே போக வேண்டாம்.

இரண்டாம் படி: தோலில் தங்குவதா, கழுவிப் போவதா?

சோப்பு, ஷாம்பு போல உடனே நீரில் கழுவிவிடும் பொருளுக்குக் கீழே வரும் அளவுக் கட்டுப்பாடு கிடையாது. ஈரோடு, திருப்பூர் பக்கம் வீட்டிலேயே சோப்பு காய்ச்சி விற்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு, அதே கலவையை உடல் எண்ணெயிலும் லிப் பாமிலும் ஊற்றுவதுதான் தவறு நடக்கும் இடம். மசாஜ் எண்ணெய், ரோல்-ஆன், க்ரீம், தலைமுடி எண்ணெய் எல்லாமே தங்குபவை. தலை எண்ணெயைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. வியர்வையோடு நெற்றிக்கும் பிடரிக்கும் இறங்குவது அதுதான். தழும்பும் அங்கேதான் விழும்.

எண்ணெய்க் குளியல் தனி விஷயம். வெறும் நல்லெண்ணெய் தேய்த்து இளவெயிலில் உட்காருவது நம் பழக்கம். அந்த நல்லெண்ணெயில் வாசத்துக்காகப் பிழிந்த லைம் தைலத்தைச் சேர்த்தால் அந்த இளவெயிலே பகையாகும். அரப்பும் சீயக்காயும் மேலே நிற்கும் எண்ணெயை எடுத்துவிடும், உள்ளே இறங்கியதை எடுக்காது. ‘எண்ணெய் வெச்சுட்டு வெயில்ல போவாத கண்ணு’ என்று வீட்டில் சொல்வதை இங்கே அப்படியே கேட்டுக்கொள்ளலாம். பொடுகுக்கென்று எலுமிச்சம்பழ மூடியைத் தலையிலும் முகத்திலும் தேய்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஃபியூரோகூமரின் சாற்றைவிடப் பழத்தோலில் அதிகம்.

மூன்றாம் படி: எடை போட்டுக் கலத்தல்

உலக நறுமணத் தொழிலின் அமைப்பான இஃப்ரா, வெயில் படும் தோலில் தங்கும் பொருள்களுக்கு உச்ச வரம்பு வைத்திருக்கிறது. கலந்து முடித்த பொருள் 100 கிராமில் அதிகபட்சம் இவ்வளவு:

பிழிந்த பெர்கமாட் – 0.4 கிராம்
பிழிந்த லைம் – 0.7 கிராம்
பிழிந்த கசப்பு ஆரஞ்சு – 1.25 கிராம்
பிழிந்த லெமன் – 2 கிராம்
பிழிந்த கிரேப்ஃப்ரூட் – 4 கிராம்
சீரகம் – 0.4 கிராம்
அஞ்செலிகா வேர் – 0.8 கிராம்
அருவதா – 0.15 கிராம்
டஜெடஸ் – 0.01 கிராம்

இந்த அளவுக்குள் இருந்தால் பூசிக்கொண்டு வெயிலில் போகலாம் என்பதுதான் வரம்பின் பொருள். மீறினால்தான் மறைப்பும் காத்திருப்பும்.

சொட்டுக் கணக்கை நம்ப வேண்டாம். ஒரு மில்லி என்பது ஒரு பாட்டிலில் 20 சொட்டு, இன்னொன்றில் 30-க்கு மேல். 30 மில்லி தேங்காய் எண்ணெய் என்றால் சுமார் 27 கிராம். அதில் பெர்கமாட் 0.11 கிராமைத் தாண்டக் கூடாது. பெரிய சொட்டாக விழும் பாட்டிலில் அது இரண்டே சொட்டு. மூன்றாவது சொட்டு வரம்பை உடைத்துவிடும். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு இல்லாமல் விற்பனைக்குக் கலப்பது சரியல்ல. கையில் தராசு இல்லையென்றால் 100 கிராமுக்குக் குறையாமல் கலக்குங்கள்; சின்ன அளவில்தான் ஒரு சொட்டின் பிழை பெரிதாகும்.

ஒன்றுக்கு மேல் கலக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே வரம்புக்குள் இருந்தால் போதாது. ஒவ்வொன்றும் தன் வரம்பில் எத்தனை சதவீதம் என்று பார்த்து அவற்றைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டக் கூடாது. 100 கிராம் எண்ணெயில் பெர்கமாட் 0.2 கிராம் என்றால் அதன் வரம்பில் 50%. லெமன் 0.6 கிராம் என்றால் 30%. மொத்தம் 80, சரி. பெர்கமாட் 0.3 கிராமும் லைம் 0.3 கிராமும் சேர்த்தால் 75-உம் 43-உம், மொத்தம் 118. பார்க்க இரண்டுமே கொஞ்சம்தான், ஆனால் கலவை தப்பு. காலையில் பூசிய உடல் எண்ணெய், அதன்மேல் ரோல்-ஆன் என்று ஒரே இடத்தில் இரண்டு பொருள் விழுந்தாலும் இதே கூட்டல்தான்.

பழகாத எண்ணெயை முழங்கை மடிப்பில் தடவிப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது. அது ஒவ்வாமையைக் காட்டும். வெளிச்சம் படாத தோலில் ஒளி நச்சு தெரியாது. ‘அப்போ வெயிலில் வைத்துப் பார்க்கிறேன்’ என்று கிளம்பவும் வேண்டாம்.

நான்காம் படி: நேரமும் இடமும்

வரம்பை மீறிய கலவை, அல்லது அளவே தெரியாத கலவை என்றால் பூசியதிலிருந்து குறைந்தது 12 மணி நேரம் அந்த இடத்தில் வெயில் படக்கூடாது. முகத்துக்கும் குழந்தைகளுக்கும் அப்படிப்பட்ட கலவையே வேண்டாம். இரவு ஏழு மணிக்கு முன்பு பூசினால் காலை ஏழுக்கு வெளியே போகலாம். பத்து மணிக்குப் பூசிவிட்டு காலை ஆறு மணிக்குக் கொப்பரைக் களத்துக்கோ மஞ்சள் காட்டுக்கோ போனால் எட்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும், கணக்கு நிறையவில்லை. முதுகு, இடுப்பு, தொடை போல துணி மூடும் இடங்களில் பூசுவது நல்ல வழி. கழுத்து, காதின் பின்புறம், புறங்கை ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

வாசனை வேண்டுமென்றால் வேட்டி, சேலையில் தெளியுங்கள். கறை விழுமா என்று உள்மடிப்பில் முதலில் பாருங்கள். டிஃப்யூசரில் ஆவியாக்கி முகர்வதில் இந்த ஆபத்து இல்லை.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தங்கும் விடுதியில் மசாஜ் எடுத்துக்கொண்டு அப்படியே ஆழியாறு அணையையும் குரங்கு அருவியையும் பார்க்கக் கிளம்புவார்கள். எண்ணெயில் என்ன இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள். தெரியாவிட்டால் வெறும் எண்ணெயில் செய்யச் சொல்லுங்கள், அல்லது மசாஜை மாலைக்கு மாற்றுங்கள். மசாஜ் செய்பவரின் கைகளை யாரும் நினைப்பதில்லை. நாள் முழுக்க அதே எண்ணெயில் ஊறிய கைகளோடு அவர்தான் மதியம் வண்டியில் வீட்டுக்குப் போகிறார். கடைசி வாடிக்கையாளர் போனதும் சோப்பால் முழங்கை வரை கழுவுவதும், கையுறையோடு வண்டி ஓட்டுவதும் அவருக்கு அவசியம்.

ஐந்தாம் படி: கதிர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுதல்

கோவை ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்க உயரத்தில்தான். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று வீசும்போது உடம்புக்கு வெயில் உறைக்காது. கதிர் குறையவில்லை, சூடு மட்டும்தான் தெரியாமல் போகிறது. மெல்லிய மேகமும் பெரும்பகுதியை விட்டுவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் உயரம் ஏறத்தாழ 1900 மீட்டர் கூடும். ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதா சுமார் 10% கூடுகிறது. ஸ்வெட்டர் போடும் குளிரில் முகமும் கையும் மட்டும் திறந்திருக்க, கீழே இருப்பதைவிட அதிகக் கதிர் படுகிறது.

‘பத்து மணிக்குள் போய்விட்டு வந்துவிடுகிறேன்’ என்பதும் பாதி உண்மைதான். தோலைச் சிவக்க வைக்கும் யு.வி.பி. என்ற இன்னொரு புற ஊதாக் கதிர் நடுப்பகலில் குவியும். யு.வி.ஏ. காலையிலிருந்து மாலை வரை பரவலாக இருக்கும். அது சாதாரண கண்ணாடியையும் கடக்கும். காரின் முன்கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, பெரும்பகுதியைத் தடுக்கும். பக்கக் கண்ணாடி அந்த அளவு தடுக்காது. கோவையிலிருந்து சேலம் வரை ஜன்னலோர இருக்கையில் ஒரு பக்கமாகவே வெயில் வாங்குகிற கைக்கு இதை ஞாபகம் வையுங்கள்.

சூரியன் மட்டுமல்ல. கோவையின் பட்டறைகளில் வெல்டிங் செய்பவர்களுக்கு அந்தக் கண் கூசும் வெளிச்சத்திலேயே புற ஊதா இருக்கிறது. கண்ணுக்குக் கவசம் போடுகிறவர்கள் கழுத்தையும் மணிக்கட்டையும் திறந்துவிடுகிறார்கள். அழகு நிலையத்தில் ஜெல் நெயில் பாலிஷை இறுக்கும் விளக்கு யு.வி.ஏ. விளக்குதான், விரல்களில் பிழிந்த எலுமிச்சைத் தைலக் க்ரீமைத் தடவிவிட்டு அதில் கையை நுழைக்காதீர்கள்.

மறைப்பு

முதல் நம்பிக்கை துணி மேல். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, அடர் நிறம். மல் துணி போல வெளிச்சம் ஊடுருவித் தெரியும் மெல்லிய வெள்ளைப் பருத்தி போதாது; நனைந்தால் இன்னும் மோசம். துணியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: அடுத்த பக்கம் தெரிந்தால் கதிரும் போகும்.

சன்ஸ்கிரீன் கூடுதல் காவல்தான், அனுமதிச் சீட்டு அல்ல. எஸ்.பி.எஃப். எண் பெரும்பாலும் யு.வி.பி.யை அளப்பது, இங்கே வேண்டியது யு.வி.ஏ. காப்பு. ‘பி.ஏ.’ என்பதன் பின்னால் நான்கு கூட்டல் குறி இருப்பதைத் தேடுங்கள். தைலத்தின் மேல் அதைப் பூசினால் வழுக்கித் திட்டுத் திட்டாக நிற்கும் என்பதால் வரம்பு மீறிய கலவைக்கு இதை நம்பிப் போக முடியாது.

சில மாத்திரைகளே தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கும். டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, அமியோடரோன், வலிக்குத் தடவும் கீட்டோப்ரோஃபென் ஜெல் ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றை எடுப்பவர்கள் வரம்புக்குள் இருக்கும் கலவையையும் தவிர்ப்பதே மேல்.

தவறிப் போனால்

பூசிவிட்டு வெயிலில் போய்விட்டோம் என்று அன்றே தெரிந்தால், முதலில் நிழலுக்கு வாருங்கள். வெறும் தேங்காய் எண்ணெயைத் தடவித் துணியால் துடையுங்கள். தைலம் நீரைவிட எண்ணெயில்தான் எளிதில் கரையும். பிறகு சோப்பும் குளிர்ந்த நீரும். அதன்பின் இரண்டு மூன்று நாள் அந்த இடத்தில் வெயிலே படவிடாதீர்கள்.

சாதாரண வெயில் சிவப்பு சில மணி நேரத்திலேயே தெரிந்து ஒரு நாளில் உச்சத்துக்குப் போகும். இது சுமார் 24 மணி நேரம் கழித்துத் தலைகாட்டி, 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சமாகும். அரிப்பைவிட எரிச்சல் அதிகம். வடிவமும் காட்டிக்கொடுக்கும்: வடிந்த கோடு, சொட்டின் வட்டம், விரல் பதிந்த தடம். மாநிறத் தோலில் சிவப்பு கண்ணில் படாமல் நேரே பழுப்புக் கோடாகத் தெரிவதும் உண்டு. குழந்தையின் மேல் விரல் தடம் போல விழுந்திருந்தால், எலுமிச்சை பிழிந்த கையோடு யாராவது தூக்கினார்களா என்று கேளுங்கள். அடித்த காயம் என்று தவறாக நினைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 15, 20 நிமிடம் வைத்து எடுங்கள். பனிக்கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பற்பசை, மஞ்சள், மை, மறுபடியும் எலுமிச்சை எதுவும் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். கொப்புளம் உள்ளங்கை அகலத்தைத் தாண்டினாலும், முகம், கண்ணோரம், பிறப்புறுப்பில் வந்தாலும், காய்ச்சலோ சீழோ இருந்தாலும், குழந்தை என்றாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பாட்டிலை மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள். நீங்கள் சொல்லும் கதையைவிட அந்த லேபிள் சீக்கிரம் பதில் சொல்லும்.

எரிச்சல் ஒரு வாரத்தில் அடங்கும். கறுப்பு அப்படியல்ல, ஒன்றிரண்டு வாரத்தில் துலங்கி மாதக்கணக்கில் நிற்கும். இந்தக் கட்டத்தில்தான் மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன் கலந்த ‘சிவப்பாக்கும்’ க்ரீமை வாங்கித் தடவுகிறார்கள். மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, முகப்பரு வந்து, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகும். கறுப்பு தானாகவே மங்கும். அதுவரை அந்த இடத்தில் தினமும் சன்ஸ்கிரீன் பூசித் துணியால் மூடுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு வெயிலும் அந்தக் கறுப்பை இன்னும் அழுத்தும். மூன்று மாதத்துக்கு மேலும் மங்கவில்லை என்றால் தோல் மருத்துவர்.